புரட்டாசியில் மீன் பிடித்த பருந்து

கடலூர்
30.8.2010

அன்புள்ள சக்தி,

நலம். நீயும் உள்ளே இருக்கும் ஆளும் நலமா? மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். வளைகாப்பு முடிந்து உன்னைச் சிதம்பரத்தில் விட்டுவிட்டு வந்து ஐந்து நாள்தான் ஆகிறது, அதற்குள் வீட்டில் கழுவின டம்ளர் ஒன்றுகூட இல்லை.

உன் பருந்து பறந்துவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம், பஸ் ஸ்டாண்ட் எதிரே எங்கள் முதலாளி உத்திராபதி வைத்திருக்கும் பெரிய ஸ்கிரீனில், நகைக்கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் முதல் தடவையாக ஓடியது. கிள்ளைக் கழிமுகம், சுரபுன்னைக் காடு, ஏறுகிற தண்ணீர், வட்டமடிக்கிற பருந்து, துள்ளுகிற மீன், ஒரே பாய்ச்சல், பிறகு கிளையில் உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பாடு. மூன்று நிமிடம். ஆறு மாதம் நீ படகில் உட்கார்ந்து வரைந்ததைக் கம்ப்யூட்டரில் அசைய வைத்தது மட்டும்தான் என் வேலை. விளம்பரங்களுக்கு நடுவே இயற்கையைக் காட்ட வேண்டும் என்பது ஸ்கிரீனுக்கு அனுமதி கொடுத்தபோது போட்ட கண்டிஷன். அதனால் தை வரை அந்த மூன்று நிமிடம் நம்முடையது.

ஒரு சின்ன விஷயம். பருந்து வட்டமடித்ததும் பஸ்ஸுக்கு நின்ற பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூக்கடை ராஜாமணியம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு, “கருடாழ்வார்டா, கும்புட்டுக்கோ” என்று பேரனின் தலையை அமுக்கினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எல்லாரும் கும்பிடும்போது நாம் மட்டும் எப்படிச் சும்மா நிற்பது என்று நானும் போட்டுக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உமாசங்கர்


சிதம்பரம்
4.9.2010

என்னங்க,

நாங்கள் இருவரும் நலம். உள்ளே இருக்கும் ஆள் நாள் முழுவதும் உதைக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் இன்னும் நாலு உதை.

கடிதமே எழுதுங்கள். என் போன்தான் பிச்சாவரம் தண்ணீரில் போய்விட்டதே. அப்பா போனில் பேசினால் அவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். நீங்கள் “சாப்பிட்டியா” என்று கேட்டால் அவர் முந்திக்கொண்டு “ஆச்சி மாப்ள” என்கிறார்.

வெள்ளைக் கழுத்து, செம்பழுப்பு இறக்கை. கருடன் என்று கும்பிடத்தான் செய்வார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் வரைந்தது மீனுக்காகக் காத்திருக்கும் ஒரு பருந்தை. அதை ஆறு மாதம் பார்த்திருக்கிறேன். பத்து தடவை பாய்ந்தால் எட்டு தடவை வெறுங்காலோடு போகும். ஒன்பதாவது தடவை மீன் கிடைத்தபோது எனக்கே பசி ஆறியது. அந்த மீனுக்காகத்தான் மற்றதெல்லாம்.

அப்பாவிடம் ஸ்கிரீனைப் பற்றிச் சொன்னேன். “மாப்ள நல்லாத்தான் வரையறாரு” என்றார். நான் வரைந்தது என்றேன். “அப்படியா, நீ கலர் அடிச்சியாம்மா?” என்று கேட்டுவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

டம்ளர்களைக் கழுவுங்கள்.

இப்படிக்கு,
சக்தி


கடலூர்
13.9.2010

அன்புள்ள சக்தி,

நலம். நலம்தானே? டம்ளர்கள் கழுவப்பட்டன.

உன் பருந்து இப்போது பஸ் விடுகிறது. சிதம்பரம் வண்டி டிரைவர் ஒருவர் கருடனைப் பார்த்துவிட்டுத்தான் கியர் போடுகிறார். மூன்று நாளாக விபத்தில்லை என்று அவர் சொன்னதும் விழுப்புரம் வண்டி, பண்ருட்டி வண்டி எல்லாம் பருந்துக்காக நிற்க ஆரம்பித்துவிட்டன. நேற்று கரெண்ட் போய் ஸ்கிரீன் அணைந்தது. நாலு பஸ் இஞ்சினை ஓடவிட்டபடி நின்றன. டைம் கீப்பர் என்னைத் தேடிக்கொண்டு வந்து, “உங்க பட்சிக்கு ஒரு டைம் டேபிள் எழுதிக் குடுங்க சார்” என்றார். கிண்டல் இல்லை, பேனாவும் கொடுத்தார்.

பெண் பார்க்கக் கிளம்புகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பருந்துக்கு எதிரே வந்து நிற்கிறார்கள். ராஜாமணியம்மாவுக்குப் பூ வியாபாரம் ஜாஸ்தி. உத்திராபதிக்குத் தலைகால் புரியவில்லை. பருந்துக்கு முன்னாலும் பின்னாலும் விளம்பரம் கொடுக்கச் சண்டை போடுகிறார்களாம்.

வெள்ளிக்கிழமை புரட்டாசி பிறக்கிறது. அது ஒன்றுதான் லேசாக யோசனையாக இருக்கிறது.

அன்புடன்,
உமாசங்கர்


கடலூர்
20.9.2010

அன்புள்ள சக்தி,

நான் நலம் என்று எழுதத்தான் ஆசை.

முதல் சனிக்கிழமை. கருட தரிசனத்துக்குக் கூட்டம் அம்மிக்கொண்டு நின்றது. பருந்து வட்டமடித்தது, “கோவிந்தா!” என்றார்கள். பருந்து பாய்ந்தது, மறுபடி “கோவிந்தா!” என்றார்கள். பருந்து மீனோடு எழுந்தது. சத்தமே இல்லை. பிறகு அது கிளையில் உட்கார்ந்து மீனைக் கிழித்து, நாற்பது விநாடி, நிதானமாகத் தின்றது. நீ வேறு அந்தச் செதில்களை ஒவ்வொன்றாக வரைந்து வைத்திருக்கிறாய்.

இவ்வளவு நாளாக இதே மீனைத்தான் தின்றது, ஒருவருக்கும் கண்ணில் படவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை என்றதும் எல்லாருக்கும் பார்வை வந்துவிட்டது. ராஜாமணியம்மா என் சட்டையைப் பிடித்து, “ஊரே கவுச்சி உட்டுட்டுக் கெடக்குது, பெருமாள் வாகனம் மட்டும் மீனு திங்குதா? யாரு வச்ச வேல இது?” என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை.

மீனை எடுக்கச் சொல்லி நூற்று எண்பது கையெழுத்தோடு உத்திராபதியிடம் மனு போயிருக்கிறது. மீனுக்குப் பதிலாகப் பாம்பை வைத்தால் சாஸ்திரப்படி சரி என்று ஒருவர். புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்கள் சும்மா விடுவார்களா என்று இன்னொருவர். கொய்யாப்பழம் என்று மூன்றாமவர். நான் சமாளித்துக்கொள்கிறேன். நீ கவலைப்படாதே.

அன்புடன்,
உமாசங்கர்


சிதம்பரம்
24.9.2010

என்னங்க,

நலம். கால் மட்டும் வீங்கியிருக்கிறது.

நீங்கள் “சமாளித்துக்கொள்கிறேன்” என்று சொன்னால்தான் எனக்குக் கவலை. நம் கல்யாணத்தில் பந்தல்காரரையும் நீங்கள்தான் சமாளித்தீர்கள். பாதிப் பேர் வெயிலில் சாப்பிட்டார்கள்.

மீன்மேல் கை வைக்காதீர்கள். மீன் இல்லாவிட்டால் அது எதற்காகப் பாய்கிறது? கால் நனைக்கவா? வேண்டுமானால் மொத்தத்தையும் நிறுத்திவிட்டுப் பல் டாக்டரையே இரண்டு தடவை ஓட்டச் சொல்லுங்கள், எனக்குச் சம்மதம். பாதியை மட்டும் எடுக்கக் கூடாது. சின்ன வயதிலிருந்து நான் எதை வரைந்தாலும் இந்த வீட்டில் யாராவது ஒரு திருத்தம் சொல்வார்கள், நானும் அழித்துவிடுவேன். இதில் மட்டும்தான் எதையும் அழிக்கவில்லை.

உடனே பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சக்தி


கடலூர்
10.10.2010

அன்புள்ள சக்தி,

மிகவும் நலம். கால் வீக்கம் எப்படி இருக்கிறது? வெந்நீரில் உப்புப் போட்டு வைக்கலாமாம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும், ஆபீசில் வேலை அதிகம்.

இங்கே நல்ல மழை. மாடிச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. தினமும் மூன்று மணி நேரம் கரெண்ட் இல்லை. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து என் அம்மா வந்து இரண்டு நாள் இருந்தார்கள், உன்னை மிகவும் விசாரித்தார்கள். எதிர்வீட்டுப் பூனை நான்கு குட்டி போட்டிருக்கிறது. ஒன்று வெள்ளை, இரண்டு சாம்பல், இன்னொன்று என்ன நிறம் என்று சொல்ல முடியவில்லை. தேங்காய் விலை ஏறிவிட்டது.

ஸ்கிரீன் நன்றாக ஓடுகிறது. மக்கள் திருப்தியாக இருக்கிறார்கள்.

மாமாவுக்கு என் அன்பான வணக்கம்.

மிகுந்த அன்புடன்,
உமாசங்கர்


சிதம்பரம்
13.10.2010

என்னங்க,

நலம். பூனைக்குட்டிகள் நலமாக இருக்கட்டும்.

மீன் என்ன ஆனது?

சக்தி


கடலூர்
17.10.2010

அன்புள்ள சக்தி,

நலம். மீனும் நலம்.

உமாசங்கர்


சிதம்பரம்
25.10.2010

என்னங்க,

என் நலம் இருக்கட்டும்.

சனிக்கிழமை அப்பா பென்ஷனர் சங்கக் கூட்டத்துக்காகக் கடலூர் வந்தார். உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஆபீசுக்கு வரவில்லை, ஸ்கிரீனை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார். கோயிலுக்குப் போய் வந்த முகத்தோடு வீட்டுக்குள் வந்து அம்மாவிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மங்கலம், நாம சிவன் கோயில் ஆளுங்கதான். ஆனா அந்தக் கருடன் எறங்கி வந்து, காலால தீர்த்தத்த எடுத்துக்கிட்டு மேல போவுது பாரு, புல்லரிச்சிப் போச்சி. அப்புறம் மரத்துல உக்காந்து தலையக் குனிஞ்சி அப்படியே தியானம்.”

தியானம். மீனை எடுத்துவிட்டீர்கள், அது வெறுங்கிளையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது. ஊர் அதைத் தியானம் என்கிறது. நீங்கள் “மீனும் நலம்” என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

நான் அழுதேன். ஏன் அழுகிறாய் என்று அம்மா கேட்டாள். மீன் வேண்டும் என்றேன். அம்மா நடுங்கிப் போனாள். ஐந்து தலைமுறையாகக் கவுச்சி படாத வீடு. பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காது வடியும் என்று அவளுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை வேறு. மெதுவாக அப்பாவைக் கூப்பிட்டாள். நான் விளக்கிச் சொன்னேன். சாப்பிட வேண்டாம், என் பருந்து மீனைத் தின்ன வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. “திங்கணும்னு கேக்கலையே, திங்க வைக்கணும்னுதானே கேக்குறா” என்று அம்மாவுக்கு உயிர் வந்தது. அப்பா எழுந்து போய்விட்டார்.

இது உண்மையான ஆசைதானா, உங்களை மடக்கச் செய்த தந்திரமா என்று நீங்கள் யோசிப்பீர்கள். எனக்கே தெரியவில்லை. அழுகை உண்மை.

சக்தி


அனுப்புநர்: ந. ஹேமசபேசன், ஹெட் கிளார்க் (ஓய்வு), சிதம்பரம்.
பெறுநர்: மாப்பிள்ளை உமாசங்கர் அவர்கள், கடலூர்.
நாள்: 1.11.2010

பொருள்: கடலூர் பஸ் ஸ்டாண்ட் பருந்து – புரட்டாசியில் நீக்கப்பட்ட மீன் – மீண்டும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் மகளின் வாய்மொழி ஆசை, நாள் 23.10.2010. 2. என் மனைவியின் நினைவூட்டல்கள், தினசரி.

மாப்பிள்ளை அவர்களுக்கு ஆசீர்வாதம். இவ்விடம் அனைவரும் நலம், தங்கள் நலமறிய அவா.

பார்வை ஒன்றில் கண்ட ஆசை பரிசீலிக்கப்பட்டது. புரட்டாசி முடிந்து ஐப்பசியும் பாதி ஆகிவிட்டபடியால், மீனை நீக்கியதற்கான காரணம் தற்போது நிலுவையில் இல்லை என்று தெரிகிறது. நான் மீனுக்குச் சிபாரிசு எழுதுவது முப்பத்தாறு வருட சர்வீசில் இதுவே முதல் முறை. கை கொஞ்சம் கூசுகிறது, இருப்பினும் பேரப்பிள்ளையின் காது முக்கியம்.

மீன் வைக்கப்பட்ட விவரத்தைத் தாங்கள் எழுதினால் போதாது என்று சக்தி கூறிவிட்டாள். “அவுரு பேச்ச நம்ப மாட்டேன், நீங்க கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுங்கப்பா” என்கிறாள். எனவே 9.11.2010 செவ்வாய் மாலை நேரடித் தணிக்கைக்கு வருகிறேன். அன்று சஷ்டி விரதம், எனக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்ய வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள மாமனார்,
ந. ஹேமசபேசன்


கடலூர்
12.11.2010

அன்புள்ள சக்தி,

முதலில் மன்னிப்பு. கம்ப்யூட்டரில் மீன் மட்டும் தனி அடுக்காக இருந்தது, பட்டனை ஒரு தட்டு தட்டினால் மறைந்துவிடும். உத்திராபதி பின்னால் நின்றார், நான் தட்டிவிட்டேன். ஒரு விநாடி வேலை. அதற்குப் பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தால் பூனையும் தேங்காயும்தான் வந்தன. நான் பயந்தாங்கொள்ளி, அது உனக்குத் தெரியும். ஆனால் உன்னிடம் பொய் சொன்னது எனக்கே கேவலமாக இருக்கிறது. தினமும் அந்த வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மாமாவின் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக ராஜாமணியம்மாவிடம் போனேன். அவர்தானே நூற்று எண்பது கையெழுத்துக்கும் தலைவர். படித்துக் காட்டினேன். கட்டிக்கொண்டிருந்த பூச்சரத்தைக் கீழே போட்டுவிட்டார். “அடப்பாவி, புள்ளத்தாச்சி கேட்டத பத்து நாளா குடுக்காம வச்சிருக்கியா? மொதல்லயே சொல்றதுக்கு என்னா? அவுங்க ஆசப்பட்டா பெருமாளே ஒதுங்கி நிப்பாரு. போ, போயி மீன வையி.” உத்திராபதியிடமும் அவரே வந்தார். “எனக்கு அஞ்சி புள்ளைங்க, காது வடியறது என்னான்னு எனக்குத் தெரியும்” என்று அவர் சொன்னதும் முதலாளி எழுந்து நின்றுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மாமா வந்தார். மழை. அவர் வந்து நின்றதும் கரெண்ட் போனது. ஆபீசுக்குள் வாருங்கள் என்று எவ்வளவோ கூப்பிட்டேன். வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இரண்டு மணி நேரம் இருட்டு ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு நின்றார். கரெண்ட் வந்தது. நகைக்கடை, பிறகு உன் பருந்து. மீன் துள்ளியபோது மாமா லேசாகப் பின்வாங்கினார். அது கிழித்துத் தின்ன ஆரம்பித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திருப்பவில்லை. நாற்பது விநாடியும் பார்த்தார்.

பக்கத்தில் நின்ற ஒருவருக்குப் பொறுக்கவில்லை. “என்னா பெரியவரே, விபூதி பூசிக்கிட்டு நிக்கிறீங்க, கருடன் மீனு திங்குது, பாத்துக்கிட்டு சும்மா இருக்கீங்களே?” என்றார்.

மாமா அவர் பக்கம் திரும்பினார். தாலுகா ஆபீஸ் குரலில், பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “அது கருடன் இல்லய்யா. கிள்ளைப் பருந்து. எம் பொண்ணு வரஞ்சது. ஆறு மாசம் படகுல உக்காந்து பாத்துப் பாத்து வரஞ்சிருக்கா. அது என்னா திங்கணும்னு அவதான் சொல்லணும், நீ சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது.”

பிறகு, அடுத்த முறை ஓடும் வரை இருந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். நான் காலில் விழாத குறை. இதை உன்னிடம் அவர் சொல்லியிருக்க மாட்டார் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் பொய் எதுவும் இல்லை.

அன்புடன்,
உமாசங்கர்


சிதம்பரம்
17.11.2010

என்னங்க,

நலம். டாக்டரம்மா இன்னும் இரண்டு வாரம் என்கிறார்.

நீங்கள் நினைத்தது சரி. அப்பா அன்று நனைந்துகொண்டு வந்து, “மீனு இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று முறை படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன், அவள் முந்தானையை எடுத்துக்கொண்டாள். உங்கள்மேல் இருந்த கோபத்தை எங்கே வைத்தேன் என்று தேட வேண்டியிருக்கிறது. ஆனால் இனி என் கோட்டில் ஒரு புள்ளியை எடுப்பதானாலும் எடுப்பதற்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடுங்கள். பயப்படுங்கள், பரவாயில்லை. சொல்லிவிட்டுப் பயப்படுங்கள்.

“மாப்ள என்னா எழுதியிருக்காரு?” என்று அப்பா கேட்டார். கரெண்ட் கட் பற்றி என்றேன். தலையாட்டினார். பேப்பரைப் பிரித்தார். ஒரு பக்கம் புரட்டினார். பிறகு பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டே கேட்டார்.

“அது என்னா மீனும்மா?”

“மடவைப்பா.”

“ம்.” இன்னொரு பக்கம் புரட்டினார். “நல்லாத் துள்ளுச்சி.”

இப்படிக்கு,
சக்தி